சொரிசோ மலிவாக வாங்க, சமைக்க யோசனை வேண்டும்

மாட்ரிட்டில் நாலு பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறோம், மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. சொரிசோவில் (மிளகாய்த்தூள் போட்ட ஸ்பெயின் பன்றிக்கறித் தொத்திறைச்சி) காய வைத்ததை அப்படியே நறுக்கிச் சாப்பிடலாம், மெத்தென்று இருப்பதைச் சமைத்தே ஆகவேண்டும், அது வரைக்கும் தெரியும். பாதித் துண்டை வட்டமாக நறுக்கி, எண்ணெயே ஊற்றாமல் சிறு தீயில் வைத்தால் சிவப்பாகக் கொழுப்பு இறங்கும், அதிலேயே வெங்காயம், பூண்டு வதக்கி மைசூர்ப் பருப்பு மாதிரியான இங்குள்ள பழுப்புப் பருப்பு, கேரட், பிரிஞ்சி இலை போட்டுக் கொதிக்கவிட்டால் நாலு பேருக்கும் தாராளம்.

ஆனால் வாரம் முழுக்க அதையே எப்படிச் சாப்பிடுவது? கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, முட்டை எதுவானாலும் சரி, செய்முறை சொல்லுங்கள். வலென்சியாவின் அரிசிச் சாப்பாடான பயெல்யா மட்டும் வேண்டாம், வீட்டில் ஒரு வலென்சியாக்காரர் இருக்கிறார், அதில் சொரிசோ விழுந்தால் சண்டைதான்!

அப்புறம், கறிக்கடையில் எடைபோட்டு வாங்குவது மலிவா, சூப்பர்மார்க்கெட் பாக்கெட்டா? மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் வைத்தால் ருசி கெடுமா? சொரிசோவைக் குறைத்துக்கொண்டு, லா வேரா வட்டாரத்தின் புகைபோட்ட மிளகாய்த்தூளைத் தூக்கலாகப் போட்டு யாராவது ஒப்பேற்றியிருக்கிறீர்களா?