லோகியின் மகள் சைலீன்: எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

பழுப்புத்தாள்:
மார்வெல் காமிக்ஸின் எம்சி2 உலகத்தில் (நாயகர்களின் அடுத்த தலைமுறை வரும் மாற்று எதிர்காலம்) லோகிக்கு சைலீன் என்றொரு மகள் உண்டு. அவள் வரும் கதையை நேரே எடுத்துப் படித்தால் புரியுமா, முன்கதை ஏதாவது தேவையா? அந்த தண்டர்ஸ்ட்ரைக் பையனையே அவள் ஏன் குறி வைக்கிறாள்? நார்ஸ் புராணத்தில் இப்படி ஒரு மகள் உண்டா, இல்லை ஹெலாவுக்குத் தங்கச்சி என்று இவர்களாகச் சேர்த்துக்கொண்டதா? தேடிப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

மைப்புட்டி:
கதை முடிவுகளைச் சொல்லப்போகிறேன், வேண்டாதவர்கள் தாண்டிவிடுங்கள்.

சைலீன் வருவது ‘அவெஞ்சர்ஸ் நெக்ஸ்ட்’. 2006 கடைசியில் ஆரம்பித்து 2007-ல் முடிந்த 5 இதழ் குறுந்தொடர். எழுத்து டாம் டிஃபால்கோ, ஓவியம் ரான் லிம். நேரே படித்தால் பாதிதான் புரியும். முன்னால் இரண்டு குறுந்தொடர்கள் இருக்கின்றன, இரண்டும் ஐந்தைந்து இதழ்தான்: ‘லாஸ்ட் ஹீரோ ஸ்டாண்டிங்’ (2005), ‘லாஸ்ட் பிளானட் ஸ்டாண்டிங்’ (2006). முதலாவதில் லோகிதான் வில்லன். கடைசியில் ஹல்க் அவனைக் கட்டிப்பிடித்தபடியே லிம்போ என்ற வேறொரு வெளிக்குள் போய்விடுகிறான். மகள் களத்தில் இறங்கும்போது அப்பன் ஏன் ஆளைக் காணோம் என்பதற்கு இதுதான் விடை. இரண்டாவதில் கிரகங்களை விழுங்கும் கேலக்டஸ் வருகிறான், தோர், லோகி கூட்டத்தின் தேவலோகமான அஸ்கார்டே அழிந்துபோகிறது.

இதெல்லாம் தெரியாமல் படித்தால், பூமியைப் புது அஸ்கார்டாக மாற்றுகிறேன் என்று சைலீன் குதிப்பது வழக்கமான உலகை ஆளும் வெறியாகத்தான் படும். தெரிந்து படித்தால், அவள் சொந்த ஊரே இல்லாமல் போனவள். வில்லத்தனத்துக்கு அது நியாயம் ஆகாது, ஆனால் காரணம் இருக்கிறது.

நீங்கள் கேட்ட தண்டர்ஸ்ட்ரைக் பையன், அதாவது கெவின் மாஸ்டர்சன் விஷயத்துக்கு, இதே எம்சி2 உலகின் பழைய தொடரான ‘ஏ-நெக்ஸ்ட்’ முதல் இதழ் (1998) போதும். அவன் அப்பா எரிக் வைத்திருந்த மந்திர கதாயுதத்தின் சக்தி அதில் பையனின் உடம்புக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. கதாயுதமாகவே இருந்திருந்தால் அதை மட்டும் திருடிக்கொண்டு போயிருக்கலாம். அஸ்கார்டிய சக்தி ஆளுக்குள் இருப்பதால் ஆளையே தூக்க வேண்டியிருக்கிறது.

ஓரக்கட்டம்:
தேடலில் ஏன் குழம்புகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ‘செலீன்’. இவள் எக்ஸ்-மென் பக்கத்து ஆள், உயிர்ச்சக்தியை உறிஞ்சுகிறவள், 1983-ல் நியூ மியூட்டன்ட்ஸ் 9-ஆம் இதழில் அறிமுகம். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் தேடுபொறி இவளைத்தான் காட்டும், ஏனென்றால் இவள் பிரபலம். அடுத்து ‘தீனா’. சைலீனோடு மோதுகிற தீனா தோரின் மகள். எடர்னல்ஸ் கூட்டத்துத் தீனா ஜாக் கிர்பி 1976-ல் உருவாக்கியவள், இரண்டு பேருக்கும் எந்த உறவும் கிடையாது. மூன்றாவது, ‘நெக்ஸ்ட் அவெஞ்சர்ஸ்’ என்ற 2008 அனிமேஷன் படம். அதில் வரும் தோரின் மகள் டோரன், அதுவும் தனி உலகம்.

பெயரை மட்டும் போடாமல் எம்சி2 என்பதையும் டிஃபால்கோ பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், குப்பை பெருமளவு குறையும்.

வேர்முடிச்சு:
புராணக் கேள்விக்கு வருகிறேன். சைலீன் முழுக்க மார்வெல் சரக்கு. ஸ்னோரி ஸ்டுர்லுசன் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நார்ஸ் புராண நூலான உரைநடை எட்டாவில் லோகியின் பிள்ளைகள் கணக்கு இப்படி: அங்கர்போதா என்ற அரக்கியிடம் ஃபென்ரிர் ஓநாய், யோர்முன்காந்த் பாம்பு, ஹெல் (மார்வெலில் ஹெலா) ஆகிய மூன்று பேர். மனைவி சிகினிடம் நார்ஃபி, வாலி. வாலியை ஓநாயாக மாற்றி, அவன் நார்ஃபியைக் கிழித்த பிறகு அந்தக் குடலாலேயே லோகியைக் கட்டிப்போடுகிறார்கள். போதாததற்கு எட்டுக்கால் குதிரை ஸ்லெய்ப்னிர். அதற்கு லோகி அப்பா இல்லை, அம்மா! பெண்குதிரை வேடத்தில் போய்ப் பெற்றது.

மார்வெல் இதில் எடுத்துக்கொண்டது முக்கியமாக முதல் மூன்று பேரைத்தான். ஹெலா 1964-ல் ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 102-ல் வருகிறாள், ஃபென்ரிஸ் 1965-ல் 114-ல். அந்த இதழ் 126-லிருந்துதான் ‘தோர்’ என்று பெயர் மாறியது. எண்ணும் அப்படியே தொடர்ந்ததால், பழைய வரிசையில் தோர் 102 என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. பாம்புக்கு 1987-ன் தோர் 380-ஐப் பாருங்கள். வால்ட் சைமன்சன் எழுத்து, சால் புசேமா ஓவியம், பக்கத்துக்கு ஒரே ஒரு படம். லோகி வாரிசுகளில் இவ்வளவு கம்பீரமாக அச்சேறியது வேறு எதுவும் இல்லை என்பேன்.

உறவுமுறையைக் கவனித்தால் இன்னொரு வேடிக்கை. இன்னொரு நூலான செய்யுள் எட்டாவில் லோகியும் தோரின் அப்பா ஓடினும் ரத்தம் கலந்து சகோதரரானவர்கள், ஆக தோருக்கு லோகி சித்தப்பா முறை. மார்வெலில் ஓடின் லோகியைத் தத்தெடுக்கிறார், ஆக தம்பி. காமிக்ஸ்படி சைலீனும் தீனாவும் பெரியப்பா-சித்தப்பா மக்கள், நடப்பது அசல் பங்காளிச் சண்டை. புராணக் கணக்கில் போட்டால் சைலீன் தீனாவுக்கு அத்தை ஆகிவிடுவாள். டிஃபால்கோவின் கதைக்குப் பங்காளி முறைதான் பொருந்துகிறது, அப்பன்மார் தகராறை அப்படியே அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிவிடுகிறார்.

பழுப்புத்தாள்:
நன்றி நண்பர்களே. ‘அவெஞ்சர்ஸ் நெக்ஸ்ட்’ என்ற பெயரில் ஒரு சின்ன அளவு தொகுப்பு பார்த்தேன், முதல் பாகம் என்று போட்டிருக்கிறது. அதில் சைலீன் இருக்கிறாளா?

மைப்புட்டி:
வாங்கிவிடாதீர்கள். அது பழைய ‘ஏ-நெக்ஸ்ட்’ முதல் 6 இதழ்களின் டைஜஸ்ட் தொகுப்பு, அட்டையில் பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள். அட்டையில் ‘ஸ்பைடர்-கேர்ள் பிரசென்ட்ஸ்’ என்று இருந்தால் அதுதான். உள்ளே ஓவியர் பெயரைப் பாருங்கள்: ரான் ஃப்ரென்ஸ் என்றால் 1998 சரக்கு, ரான் லிம் என்றால் சைலீன் கதை. இரண்டு பேரும் ரான் என்பதால் பெயரின் பின்பாதியையும் படித்துவிடுங்கள். முன்கதைக்கு அந்த முதல் இதழ் வேண்டும் என்று நினைத்தால் டைஜஸ்ட் பரவாயில்லை, பக்கம் சுருங்கியதில் எழுத்து மட்டும் பொடியாக இருக்கும்.