மட்டக்களப்பு, கல்லடி வீட்டு வாட்ஸ்அப் குழு

சின்ன மாமி, 8.52: கடலுக்குள்ளே பூமி அதிர்ந்ததாமே! எங்கள் மேசையில் தண்ணீர்க் கிளாஸ் லேசாக ஆடினது. எனக்கு மட்டும்தானா?

சுதன்: நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றேன் மாமி. ஒன்றும் தெரியவில்லை.

பெரியக்கா கனடா: ஃபேஸ்புக்கில் பார்த்தேன். அம்மா எங்கே? ஃபோன் எடுக்கிறா இல்லை.

சின்ன மாமி: (குரல் பதிவு, பல தடவை பகிரப்பட்டது)

சுதன்: மாமி, அதை அழியுங்கள். கடல் 10 மணிக்கு வரும் என்று நேரம் சொல்கிற ஆள், தன் பெயரைச் சொல்லவில்லை. நான் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அடித்துக் கேட்டுவிட்டேன். சுனாமி எச்சரிக்கை ஒன்றும் இல்லை.

பெரிய மாமா: எத்தனையாம்?

சுதன்: நிலநடுக்க அளவு 5ஐத் தொடவில்லை. 2004இல் சுமாத்திராவில் 9.1. ஓர் எண் கூடினால் சக்தி 32 மடங்கு கூடும். நாலு எண் என்றால் பத்து லட்சம் மடங்கு, யோசித்துப் பாருங்கள். கடலடித் தரை மேலே எழும்பித் தண்ணீரைத் தள்ள இது காணாது.

பெரிய மாமா: 2012 ஏப்ரலில் 8.6. வருசப் பிறப்புக்கு உடுப்பு எடுத்துக்கொண்டு நின்ற நேரம். புதுப்பாலம் அப்போது திறக்கவில்லை. பழைய பாலத்தில் ஓர் ஓட்டோ நின்றுபோய், பின்னால் ஊரே ஹோர்ன் அடித்தது. கடைசியில் அலையைக் காணோம்.

சுதன்: அது பூமித் தட்டு மேலே எழும்பாமல் பக்கவாட்டில் வழுக்கினது மாமா. அதனால்தான் தப்பினோம்.

சின்ன மாமி: தம்பி, 2004இல் எனக்கு ஓர் ஆட்டமும் தெரியவில்லை. நத்தாருக்கு மறுநாள், பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். கையில் மாவோடுதான் ஓடினேன். கிளாஸ் ஆடினதா இல்லையா என்று பார்த்துப் பயப்படுகிற விசயமில்லை இது.

சுதன்: சரி மாமி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

பெரியக்கா கனடா: அம்மா எங்கே என்று இரண்டாம் தரம் கேட்கிறேன்!!

சுதன்: (படம்)

சுதன்: கேற்றடியில் கதிரை போட்டு இருக்கிறா. மடியில் பை. காணி உறுதி, அடையாள அட்டை, சுகர் குளிசை, அம்மப்பாவின் படம். பொலித்தீன் சுற்றி ரப்பர் பட்டியும் போட்டாச்சு. செருப்பு மட்டும் காலில் இல்லை, கையில் வைத்திருக்கிறா.

பெரியக்கா கனடா: ஐயோ. பயமில்லை என்று சொன்னாயா?

சுதன்: 32 மடங்குக் கணக்கும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, ஓட்டோவில் பெற்றோல் இருக்கா என்கிறா.

பெரிய மாமா: இருக்கா?

சுதன்: விடியத்தான் அடிக்க வேண்டும்.

பெரிய மாமா: இப்பவே போய் அடி.