கர்சர் நிற்கும் ஃபங்ஷனைப் பிடிக்கப் போய்: எக்ஸ்டென்ஷன் எழுதுவோர் அனுபவங்கள்

அரைப்புள்ளி:
கோட் எடிட்டரான வி.எஸ். கோடுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்). கர்சர் இருக்கும் பைத்தான் ஃபங்ஷனை முழுதாக செலக்ட் செய்து வேறு ஃபைலுக்கு நகர்த்தும் கமாண்ட். பின்னால் பைத்தானின் ஏ.எஸ்.டி. மாட்யூல் (கோடைப் படித்து நோடுகள் கொண்ட மரமாக்கித் தருவது). எடுப்பது தொடக்க வரி எண்ணான லைன்நோ முதல் கடைசி வரி எண்ணான எண்ட்_லைன்நோ வரை. ஃபிளாஸ்க் என்ற பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய ஒரு ப்ராஜெக்டில் ஓடவிட்டதும், '/லாக்அவுட்' ரூட் டெக்கரேட்டர் (எந்த முகவரிக்குக் கீழே உள்ள ஃபங்ஷன் ஓடவேண்டும் என்று @ போட்டுச் சொல்லும் வரி) மட்டும் பழைய ஃபைலிலேயே தங்கிவிட்டது. அதற்குக் கீழே இருந்தது கணக்கை நீக்கும் ஃபங்ஷன். டெக்கரேட்டர் அதன் தலையில் ஏறிக்கொண்டது! சிண்டாக்ஸ் சரி, கோடில் தப்புத் தேடும் லின்டர் வாயே திறக்கவில்லை. லாக்அவுட் அழுத்தினால் கணக்கே காலி.

பைத்தான் 3.8 முதல் லைன்நோ 'டெஃப்' வரியைத்தான் காட்டும். அதற்கு முன்பு முதல் டெக்கரேட்டரைக் காட்டியது. டெக்கரேட்டர்_லிஸ்ட் காலியாக இல்லையென்றால் அதன் முதல் உறுப்பின் வரி எண்ணிலிருந்து தொடங்குங்கள். வரி எண் மட்டும் போதும். வரிக்குள் எந்த இடம் என்று சொல்லும் கோல்_ஆஃப்செட்டையும் சேர்த்து எடுத்தால் @ குறி வெளியே நின்றுவிடும், அந்த நோடு @-க்கு அடுத்துதான் தொடங்குகிறது.

நீலத்திரை:
அதே கோல்_ஆஃப்செட்தான். ஒரு வரியில் "கணக்கு" என்று தமிழ் ஸ்ட்ரிங், அதே வரியில் வலப்பக்கம் ஒரு ஃபங்ஷன் கால். அதை செலக்ட் செய்யச் சொன்னால் 12 இடம் தள்ளிப் போய் ஏதோ பாதி வார்த்தையில் நீலம் அடித்தது. ஏ.எஸ்.டி. எண்ணுவது யூ.டி.எஃப்-8 பைட், எடிட்டர் எண்ணுவது யூ.டி.எஃப்-16 யூனிட்; எழுத்தைச் சேமிக்கும் இரண்டு முறைகள். "கணக்கு" அங்கே 18, இங்கே 6. வரியை பைட்டாக்கி, ஆஃப்செட் வரை வெட்டி, டீகோட் செய்து, யூ.டி.எஃப்-16-இல் எத்தனை யூனிட் என்று எண்ண வேண்டும். டீகோட் செய்த ஸ்ட்ரிங்கின் லென் (நீளம்) போதும் என்று விட்டால் எமோஜியில் மாட்டும்: லென் 1, எடிட்டருக்கு 2. வரி எண்ணும் ஏ.எஸ்.டி.யில் 1-இல் தொடங்கும், எடிட்டரில் 0-இல்.

மரமேறி:
இரண்டு பேருக்கும்: ஏ.எஸ்.டி.யை எதற்குத் தொடவேண்டும்? எக்ஸிக்யூட் டாக்குமென்ட் சிம்பல் புரொவைடர் கமாண்டைக் கூப்பிட்டால் ஃபங்ஷன், கிளாஸ் போன்ற சிம்பல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரு மரமாக, எடிட்டர் கணக்கிலேயே ரேஞ்சோடு (தொடக்கமும் முடிவும்) வருமே. இதில் பார்த்த ஒரே கோளாறு, பெயரில் கர்சர் இருந்தால் மட்டும் கமாண்ட் வேலை செய்தது. உடம்புக்குள் போனால் 'ஃபங்ஷன் இல்லை' என்றது. எழுதியவர்கள் செலக்‌ஷன்ரேஞ்ச் என்ற ஃபீல்டில் தேடியிருந்தார்கள். அது பெயர் மட்டும். முழு உடம்பு ரேஞ்ச் என்ற ஃபீல்டில்.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஃபைல் திறந்த உடனே கூப்பிட்டால், இந்த சிம்பல்களைத் தரும் லாங்குவேஜ் சர்வர் எழுந்திருக்காது. பதில் காலி அரேயாகவோ, மதிப்பே இல்லை என்று பொருள்படும் அன்டிஃபைண்டாகவோ வரலாம். சற்று விட்டு மறுபடி கேளுங்கள், உடனே எரர் மெசேஜ் காட்டாதீர்கள். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் குயிக்பிக் என்ற தேர்வுப் பட்டியலைக் காட்டுங்கள், இக்னோர்ஃபோகஸ்அவுட் ட்ரூ வைத்து; இல்லையென்றால் பக்கத்தில் க்ளிக் செய்ததுமே பட்டியல் மூடிவிடும். எஸ்கேப் அடித்தால் அன்டிஃபைண்ட் வரும், அதைச் சோதிக்காமல் அதன் ரேஞ்சை எடுக்கப் போய் விழும் எக்ஸ்டென்ஷன்கள் ஏராளம். செலக்ட் ஆனபின் ரிவீல்ரேஞ்ச் அழையுங்கள், இல்லாவிட்டால் திரைக்கு வெளியே செலக்ட் ஆகி எதுவும் நடக்காதது போலத் தெரியும்.

அரைப்புள்ளி:
டெக்கரேட்டர் அந்த ரேஞ்சுக்குள் வருமா என்பது ஒவ்வொரு சர்வரின் இஷ்டம். அதனால்தான் ஏ.எஸ்.டி.

கடைசிக்குழந்தை:
@மரமேறி எல்லா சர்வரும் மரம் தராது. சில பழைய சிம்பல்இன்ஃபர்மேஷன் வடிவில் தட்டையாகத் தரும். சில்ட்ரன் (உள்ளே அடங்கிய சிம்பல்கள்) கிடையாது, ரேஞ்ச் லொகேஷனுக்குள் இருக்கும். மரம் வந்தாலும் ஆழமாக இறங்குவது ஆபத்து. டைப்ஸ்கிரிப்டில் 'சேவ்ஆர்டர்' ஃபங்ஷனை செலக்ட் செய்யச் சொன்னால் 'மேப்() கால்பேக்' என்று பெயரிட்ட மூன்று வரித் துண்டு செலக்ட் ஆனது. மேப்()-க்குள் கொடுத்த பெயரில்லாத ஆரோ ஃபங்ஷனையும் சர்வர் ஒரு சிம்பலாகத் தருகிறது. பெயரில் 'கால்பேக்' இருந்தால் ஒதுக்கு என்று எழுதினால், நிஜமாகவே அந்தப் பெயர் வைத்த ஃபங்ஷன் மாட்டும். பிடித்த சிம்பலின் செலக்‌ஷன்ரேஞ்சில் இருக்கும் எழுத்தும் பெயரும் ஒன்றா என்று ஒப்பிட்டு, இல்லையென்றால் பெற்றோருக்கு ஏறுவது மேல்.

மரமேறி:
மெத்தட் பெயர் மேற்கோளுக்குள் இருந்தால்?

கடைசிக்குழந்தை:
மேற்கோளை இரண்டு பக்கமும் உரித்துவிட்டு ஒப்பிடுங்கள்.