வியாஜ ரேகை (குழு: கொழிஞ்சாம்பாறை வீடு)

கார்த்தி: அத்தை, பஸ்ஸுல மலையாளப் பேப்பர் பார்த்தேன். 'வியாஜ ரேகை'ன்னு போட்டிருந்துச்சு. போலிக் கைரேகைங்களா?

வேலந்தாவளம் அத்தை: இல்ல கண்ணு. மலையாளத்துல ரேகைன்னா ஆவணம். போலி ஆவணம்னு அர்த்தம். கையெழுத்து மட்டும் போலின்னா கள்ள ஒப்பு.

கார்த்தி: அப்ப ஏமாத்துறது எல்லாமே ஃபோர்ஜரி, அதாவது போலி ஆவணக் குத்தமுங்களா? நம்ம ஊர்ல அப்படித்தானே சொல்றாங்க.

வேலந்தாவளம் அத்தை: அங்கதான் எல்லாரும் குழப்பிக்கறாங்க. ஆதாரம், அதான் பத்திரம், எழுதற ஆபீஸ்ல நான் இருந்தப்ப தினமும் இதே பேச்சுத்தான். உன் காட்டை ஒருத்தன் தன் காடுன்னு சொல்லி, தன் பேருலயே கையெழுத்துப் போட்டு வித்தா அது ஃபோர்ஜரி இல்ல. 2009ல பீகார் கேஸ் ஒண்ணுல சுப்ரீம் கோர்ட் சொன்னது. பத்திரத்துக்குள்ள பொய் இருந்தாப் பத்தாது, பத்திரமே பொய்யா இருக்கணும். உன் பேரை அவன் போட்டா, இல்ல முடிஞ்ச ஆதாரத்துல சர்வே நம்பரைக் கள்ளத்தனமாத் திருத்துனா, அது ஃபோர்ஜரி.

கார்த்தி: தன் பேரைப் போட்டா எப்பவுமே தப்பிச்சுக்கலாமுங்களா?

வேலந்தாவளம் அத்தை: முடியாது. அதே பேருள்ள வேற ஆள் போட்டதுன்னு நம்ப வைக்கப் போட்டா அதுவும் ஃபோர்ஜரிதான். சட்டத்துலயே இருக்குது.

சின்னச் சித்தப்பா: அக்கா, அம்மாவோட சம்மதக் கடுதாசில கார்த்தியையே கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தேன். அம்மாவுக்குக் கை நடுங்குது. அவங்க என்ன, வேண்டாம்னா சொல்லப் போறாங்க?

வேலந்தாவளம் அத்தை: ஐயோ, வேண்டாம் தம்பி! கெட்ட எண்ணம் இருந்தாத்தான் குத்தம், உனக்கு அது இல்லைன்னு எனக்குத் தெரியும். நாளைக்குப் பாகம் பிரிக்கறப்ப நம்மள்லயே ஒருத்தர் 'இது அம்மா கையெழுத்தில்ல'ன்னா உன் மனசை எங்க கொண்டு போய்க் காட்டுவ? 2024 ஜூலைல வந்த புதுக் குற்றச் சட்டத்துல (பாரதிய நியாய சன்ஹிதா) 336ஆவது பிரிவு, 2 வருசம் வரைக்கும் ஜெயில். உயிலு, சொத்துப் பத்திரம்னா 338, ஆயுள் வரைக்கும் போகும். பையனை மாட்டி விட்டுடாத.

பெரியப்பா: சுந்தரர் கல்யாணத்துல வந்த கிழவர் காட்டுன அடிமை ஓலையையே, திருவெண்ணெய்நல்லூர் சபைல சுந்தரரோட பாட்டனார் எழுதுன வேற ஓலையோட ஒத்துப் பார்த்தாங்க. கையெழுத்துன்னா ஒத்துத்தான் பார்ப்பாங்க தம்பி.

சின்னச் சித்தப்பா: சரிங்கண்ணா. ஞாயித்துக்கெழம அம்மாகிட்ட இடது பெருவிரல் ரேகையே வாங்கிக்கறேன்.

வேலந்தாவளம் அத்தை: வாங்கறதுக்கு முன்னாடி முழுசும் தமிழ்ல படிச்சுக் காட்டணும். கடுதாசி மலையாளத்துல இருக்குது. உள்ள என்ன இருக்குதுன்னு தெரிய விடாம ஏமாத்தி ரேகை வாங்குனா அதுவும் இதே குத்தம்.

கார்த்தி: நான் படிச்சுக் காட்டறனுங்க அத்தை. அப்பத்தாவுக்குக் காது மந்தம், பக்கத்துல உக்காந்து நிதானமாப் படிக்கறேன்.