ரேமண்ட் ஆல்பத்தில் நிறம் ஏறிய வெள்ளி நாணயங்கள்

அமெரிக்காவில் 1964 வரை அடிக்கப்பட்ட பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்களில் 90 சதவீதம் வெள்ளியும் 10 சதவீதம் செம்பும் இருந்தன. அவற்றைப் பல பத்தாண்டுகள் அட்டை ஆல்பத்தில் வைத்திருந்தால், அட்டையிலிருந்து கசியும் கந்தகம் வெள்ளியின் மேல் மிக மெல்லிய சல்பைடு படலமாகப் படிந்து, பொன், செம்மை, நீலம் என்று நிறம் காட்டும். சேகரிப்பாளர்கள் டோனிங் என்று சொல்வது இதைத்தான். பென்சில்வேனியாவில் வேலை பார்த்த காலத்தில், இத்தகைய ஆல்பம் ஒன்றை அதன் முதல் உரிமையாளர் அடுக்கி வைத்த நிலையிலேயே காணும் பேறு எனக்கு வாய்த்தது.

மறைந்துபோன முதியவர் ஒருவரின் வீட்டுப் பொருள்களை ஏலம் விட்டபோது, தச்சுக் கருவிகளுக்கும் பீங்கான் தட்டுகளுக்கும் நடுவே அது கிடந்தது. நியூயார்க்கின் நாணய வணிகர் வேய்ட் ரேமண்ட் 1930களில் விற்பனைக்குக் கொண்டுவந்த நேஷனல் வரிசை ஆல்பம் அது. கனத்த அட்டையில் நாணயத்தின் அளவுக்குத் துளையிட்டு, இரு பக்கமும் ஒளிபுகும் பட்டைகளைச் செருகியிருப்பார்கள். அதனால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நாணயத்தை வெளியே எடுக்காமலே பார்க்கலாம். உள்ளே 1916 முதல் 1945 வரையிலான, மெர்குரி டைம் எனப்படும் பத்து சென்ட் நாணயங்களின் வரிசை இருந்தது. டென்வர் நாணயச்சாலையின் 1916ஆம் ஆண்டு நாணயத்துக்குரிய துளை மட்டும் காலியாக இருந்ததில் வியப்பில்லை. 2,64,000 மட்டுமே அடிக்கப்பட்ட அந்த நாணயம் எளிதில் யாருக்கும் அகப்படுவதில்லை.

1940களின் நாணயங்கள் வரும் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாணயத்தின் விளிம்பிலும் மயில் கழுத்தின் நீலம். அதற்கு உள்ளே குறுகிய செந்நீல வளையம். அதையும் தாண்டினால் வெளிர்ப்பொன். நடுவில் சிறகு வைத்த தொப்பியணிந்த விடுதலைத் தேவியின் முகம் அடித்த நாளின் வெண்மையோடு இருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது, கன்னத்தின் மேட்டில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள் தெரிந்தன. பட்டையைச் செருகும்போதும் உருவும்போதும் அது நாணயத்தின் மேட்டில் உரசுவதால் வரும் தடம் அது. தரம் பிரிப்பவர்கள் இதைக் குறையாகக் கணக்கிடுவார்கள் என்றாலும், அந்த நாணயம் ஆல்பத்தில் வாழ்ந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

வளையமாக நிறம் ஏறுவதற்குக் காரணம் எளியது. அட்டைத் துளையின் ஓரம் நாணயத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்க, நடுப்பகுதியைப் பட்டை காக்கிறது. ஆகவே படலம் விளிம்பில் தடித்தும் உள்ளே போகப் போக மெலிந்தும் படிகிறது. படலம் தடிக்கத் தடிக்க முதலில் மஞ்சள், பிறகு பொன், செந்நீலம், நீலம் என்ற வரிசையில் நிறம் மாறும். இந்த வரிசை கலைந்து, பொன்னை அடுத்து நேரே நீலம் திட்டுத் திட்டாக நிற்குமானால் நான் அந்த நாணயத்தைக் கீழே வைத்துவிடுவேன். சூடாக்கியோ கந்தக உப்பில் முக்கியோ அவசரமாக ஏற்றிய நிறம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பழைய கீறலுக்குள்ளும் சாயம் போல இறங்கியிருக்கும். இயல்பாக ஏறிய நிறத்தில் எழுத்துகளைச் சுற்றி ஒரு வெளிறிய கோடு விட்டுப்போயிருப்பதுண்டு, நாணயத்தைத் திருப்பும்போது உலோகத்தின் பளபளப்பும் நிறத்தின் அடியில் உருண்டு வரும். விட்மன் நிறுவனத்தின் நீல மடிப்பு அட்டைகளில் கதை வேறு: அங்கே பின்பக்கம் முழுவதும் காகிதத்தில் பதிந்திருப்பதால், முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல நிறம் ஏறுவதில்லை.

அந்த ஆல்பத்தைப் பார்த்த வணிகர் ஒருவர், அழகான சிலவற்றை மட்டும் பிரித்துத் தரச்சான்று பெற்று விற்றால் நல்ல விலை வரும் என்றார். விலையைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். நாணயங்களைத் தரம் பிரித்துச் சான்று தரும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொடங்கிய பிறகு சந்தை அந்த வழியில்தான் போகிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தொடக்கப் பக்கங்களில், புழங்கித் தேய்ந்த 1910களின் நாணயங்கள் மங்கிய சாம்பல் நிறமாகவே இருந்தன. புழக்கத்துக்கே போகாமல் செருகப்பட்ட பிற்கால நாணயங்களில்தான் வளையம் ஒளிர்ந்தது. ஒரே அட்டை, ஒரே வீடு, ஆனால் உலோகத்தின் மேற்பரப்புக்கு ஏற்ப வெவ்வேறு நிறம் என்பதை அடுத்தடுத்த துளைகளில்தான் காண முடியும். பிரித்துவிட்டால், ஒவ்வொரு நாணயத்தின் நிறத்துக்கும் அதன் அண்டை நாணயம் சொல்லும் சாட்சியம் போய்விடும்.

நம் வீடுகளில் இந்த நிறத்தைக் காண்பது அரிது. 91.7 சதவீத வெள்ளியுள்ள ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களை என் பாட்டி வீட்டில் புளியும் விபூதியும் போட்டுத் தேய்த்துப் பூசைக்கு வைப்பார்கள். வெள்ளி கறுப்பது வீட்டுக்கு ஆகாது என்று கருதியவர்களிடம் வேறெதை எதிர்பார்க்க முடியும்? ஆனால் விற்பவர்களே இன்றும் அமிலக் கரைசலில் முக்கி எடுத்துத் தருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கரைசல் நிறத்தை மட்டும் கொண்டுபோவதில்லை. சல்பைடாக மாறிய வெள்ளியும் அதனோடு போய்விடுவதால், அச்சின் அழுத்தத்தில் உலோகம் விரிந்தபோது உண்டான நுண்வரிகள் மழுங்கி, பளபளப்பு செத்துவிடுகிறது.

காக்க வேண்டிய பொறுப்பும் உண்டு, ஏனெனில் அட்டை தன் வேலையை நிறுத்துவதில்லை. நீலத்தையும் பச்சையையும் கடந்து கறுப்பை எட்டிய நாணயத்தில் அடியிலுள்ள மேற்பரப்பும் அரிக்கப்பட்டிருக்கும். ஆகையால் ஆல்பத்தை ஈரமில்லாத அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். கறுக்கத் தொடங்கும் நாணயத்தை மட்டும் விளிம்பைப் பிடித்து வெளியே எடுத்து, பிவிசி கலக்காத மைலார் என்னும் பிளாஸ்டிக் உறையில் இட்டு, எந்தப் பக்கத்தின் எந்தத் துளையில் எந்த முகம் மேலே இருந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி உறையோடு சேர்த்து வைக்கிறேன். அதே விவரத்தைக் காலியான துளையிலும் எழுதிச் செருகிவிடுகிறேன்.