தாத்தாவின் கைப்பேசியும் புதன்கிழமை விருந்தாளியும்

குழு: ராயபுரம் குடும்பம் (தாத்தா நீங்கலாக)

ஞாயிறு, மாலை 6:42
தண்டையார்பேட்டை அத்தை: மாதவரம் முதியோர் இல்லத்திலிருந்து இப்போதுதான் வீடு திரும்பினேன். அப்பாவின் உடம்பு நன்றாக இருக்கிறது, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் அவரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்துவிடும் ஒடிசாப் பையனின் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று நான்கு நாட்களாகப் பிடிவாதம் பிடிக்கிறார். காரணம் கேட்டால், "இவன்களெல்லாம் ஒருநாள் நம்மைத் தூக்கத்திலேயே முடித்துவிடுவான்கள், ஆதாரம் என் போனில் இருக்கிறது" என்கிறார். துறைமுகத்தில் தெலுங்கர், மலையாளி, பீகாரி என்று எல்லாரோடும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்ட மனிதர் பேசுகிற பேச்சா இது?

6:50
கொளத்தூர் சித்தப்பா: மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம், அக்கா. அந்தப் போனை வாங்கி வைத்துக்கொண்டு, பழைய பட்டன் போன் ஒன்றைக் கொடுத்துவிடுவோம்.

6:58
தண்டையார்பேட்டை அத்தை: மறதியெல்லாம் ஒன்றும் இல்லை, தம்பி. காசிமேட்டில் எனக்குக் கல்யாணம் ஆன வருடம் வஞ்சிரம் என்ன விலை விற்றது என்பதுவரை சொல்கிறார். முதியோருக்குக் கைப்பேசி கற்றுத்தருகிறேன் என்று ஒருவர் புதன்கிழமைதோறும் மூன்று மணிக்குப் பழமும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு வருகிறாராம். அவர்தான் அப்பாவை மூன்று குழுக்களில் சேர்த்துவிட்டிருக்கிறார். முதல் மாதம் பழைய பாட்டும் மூட்டுவலிக் கைவைத்தியமும்தான் வந்திருக்கின்றன. பிறகு வடமாநிலத்தவர் செய்ததாகச் சொல்லப்படும் கொலைகள். இப்போது அவர்களை அடித்து விரட்ட வேண்டும் என்ற குரல் பதிவுகள். இல்லத்தில் வேலை செய்யும் வெளிமாநிலப் பிள்ளைகளின் பெயரையும் அவர்கள் தங்கும் அறையையும் எழுதித் தரும்படி போன வாரம் கேட்டிருக்கிறார். அப்பா எழுத ஆரம்பித்தும்விட்டார்.

7:05
நான்: தாத்தாவின் போனிலிருந்து அத்தை அனுப்பிய காணொளியைப் பார்த்தேன். அதன் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கிறது. குறைந்தது ஐந்து கை மாறி வந்திருந்தால்தான் அந்தக் குறி விழும். வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவியதும், காவல்துறை அவற்றை மறுத்து வழக்குகள் பதிந்ததும் நினைவிருக்கிறதா? அப்போது அவர்களை அச்சுறுத்தப் பொய் பரப்பினார்கள், இப்போது அவர்களைக் காட்டி நம்மை அச்சுறுத்துகிறார்கள்.

7:21
பெரம்பூர் பெரியப்பா: பெயர்ப் பட்டியல் கேட்ட பிறகு இதைக் கிழவரின் முணுமுணுப்பு என்று விட முடியாது. பிறந்த இடத்தையும் மொழியையும் காட்டிப் பகை மூட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆவது பிரிவின்படி குற்றம். 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, போளூர் அருகே கோயிலுக்குப் போன, சென்னையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். பழவேற்காடு நமக்கு எவ்வளவு தூரம்? நாளைக்கே காவல் நிலையத்துக்குப் போவோம்.

திங்கள், மதியம் 1:15
லீட்ஸ் அக்கா: இரவுப் பணி முடிந்து இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். அப்பா, நீங்கள் காவல் நிலையத்துக்குப் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அங்கே போய்ச் சொல்லவேண்டியது அந்த விருந்தாளியைப் பற்றித்தானே தவிர, தாத்தாவைப் பற்றி அல்ல. இங்கே இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, கீழே விழாமல் தூக்குவது, மருந்து கொடுப்பது ஆகியவற்றோடு 'பிரிவென்ட்' என்ற பயிற்சியையும் எங்களுக்குக் கொடுத்தார்கள். யாரும் தீவிரவாதத்தின் பக்கம் இழுக்கப்படாமல் தடுப்பதை உள்ளாட்சி மன்றம், பள்ளி, மருத்துவத் துறை, சிறை, காவல்துறை ஆகியவற்றின் சட்டப்படியான கடமையாக 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்கியிருக்கிறது. தொண்ணூறு வயதுப் பாட்டிகளுக்கு இது எதற்கு என்று நானும் அன்று சிரித்தேன். ஆனால் முதியவர்களிடம் பணத்தைக் கறக்க வருபவனும் மனத்தைக் கெடுக்க வருபவனும் ஒரே கதவைத்தான் தட்டுகிறார்கள் என்பதும், அதனால் இதையும் அடி, பட்டினி, பண மோசடி ஆகியவற்றோடு ஒரே பாதுகாப்புக் கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்பதும் பிறகுதான் புரிந்தன.

1:24
லீட்ஸ் அக்கா: எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவை மூன்று சொற்கள்: கவனி, சரிபார், பகிர். கவனிக்கவேண்டியது ஒருவருடைய கருத்தை அல்ல, அவரிடம் ஏற்பட்டிருக்கும் மாற்றத்தை. ஆயுள் முழுவதும் அரசியல் பேசி எல்லாரையும் வைதுகொண்டே இருந்த தாத்தா இன்றும் வைதால் அது அவருடைய உரிமை. எல்லாரோடும் பழகியவர் சில வாரங்களில் ஒருவன் கையால் தண்ணீர் குடிக்க மறுப்பதும், ரகசியமாகப் பட்டியல் எழுதுவதும்தான் மாற்றம். சரிபார்ப்பது என்றால், மருந்து மாறியதா, தூக்கம் கெட்டதா, புதிதாக வருபவர் யார் என்று விசாரிப்பது. அதன் பிறகுதான் மேலாளரிடம் பகிர்வது. எல்லாமே காவல்துறை வழக்காகிவிடுவதில்லை. உள்ளாட்சி மன்றம் நடத்தும் 'சேனல்' என்ற குழு, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு ஆலோசனையும் துணையும் ஏற்பாடு செய்கிறது.

1:40
கொளத்தூர் சித்தப்பா: அந்தத் திட்டத்தின் பெயரால் ஒரு சமூகத்தையே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார்கள் என்று அங்கேயே பலர் குறை சொல்வதாக நானும் படித்திருக்கிறேன், அம்மா. அதை இங்கே கொண்டுவந்து நம் அப்பாவின் மேல் ஒட்டவேண்டுமா?

1:52
லீட்ஸ் அக்கா: அந்தக் குறை உண்மையாகவே சொல்லப்படுவதுதான், சித்தப்பா, வேவு பார்க்கும் கருவியாக அது மாறிவிடக்கூடாது என்று எங்கள் பயிற்சி வகுப்பிலேயே வாக்குவாதம் நடந்தது. அதனால்தான் போனைப் பிடுங்கவேண்டாம் என்கிறேன். இங்கே 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தில் எனக்குப் பிடித்த வரி ஒன்று இருக்கிறது: புத்திசாலித்தனமற்ற முடிவை எடுக்கிறார் என்பதாலேயே ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக்கூடாது. அம்பு விடுபவனை விட்டுவிட்டுத் தாத்தாவின் போனைப் பறித்தால், "பார்த்தீர்களா, உங்கள் பிள்ளைகளும் அவர்கள் பக்கம்தான்" என்று அந்த ஆள் சொல்வான், தாத்தாவும் நம்புவார்.

அவரிடம் கேட்டு, அவர் கண்ணெதிரில், வாட்ஸ்அப் அமைப்பில் தனியுரிமைக்குள் போய், அவருடைய தொடர்பில் இருப்பவர்கள் மட்டுமே அவரைக் குழுக்களில் சேர்க்கும்படி மாற்றுங்கள். அந்த ஆளின் எண் தொடர்பில் இருந்தால் அதையும் கேட்டே நீக்குங்கள். செய்திகளை அழிக்கவேண்டாம், முதலில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லத்துக்கு வரும் ஒவ்வொருவரும் அடையாள அட்டை காட்டிப் பதிவேட்டில் கையெழுத்திடவேண்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். மேலாளர் அசையாவிட்டால், முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

2:10
தண்டையார்பேட்டை அத்தை: இதில் நாம் மறந்துவிட்ட ஆள் ஒருவன் இருக்கிறான். அந்த ஒடிசாப் பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் கேட்டால் புரியும். அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே அந்தக் குரல் பதிவு சத்தமாக ஓடியிருக்கிறது. முழுவதையும் கேட்டுக்கொண்டே மீதிக் கன்னத்தையும் வழித்துவிட்டுப் போயிருக்கிறான்.

2:31
பெரம்பூர் பெரியப்பா: அவனுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். நாளைக் காலை நானே கொண்டுபோய் மேலாளரிடம் கொடுப்பேன். நகல் காவல் நிலையத்துக்கு. அந்த விருந்தாளியின் எண்ணும் குழுக்களின் பெயரும் மட்டுமே அதில் இருக்கும், அப்பாவின் பெயர் இருக்காது.

புதன், இரவு 8:05
தண்டையார்பேட்டை அத்தை: மூன்று மணிக்கு நான் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அந்த ஆள் வந்தார். எந்த அமைப்பு என்று கேட்டேன், சேவைதான் என்றார். மேலாளர் பதிவேட்டை நீட்டி அடையாள அட்டை கேட்டதும், வண்டியில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. பழப்பை மட்டும் வாசலில் கிடந்தது.

அப்பா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். "வாரம் தவறாமல் வந்த ஒரே ஆளையும் விரட்டிவிட்டாயே, நீ கடைசியாக எப்போது வந்தாய்?" என்றார். ஞாயிறன்று போவதற்கு முன் ஏழு வாரம் நான் போகவில்லை என்பதைச் சரியாகக் கணக்கு வைத்திருக்கிறார். எனக்குப் பதில் இல்லை.

8:12
நான்: பட்டியல் என்ன ஆயிற்று, அத்தை?

8:19
தண்டையார்பேட்டை அத்தை: தலையணை உறைக்குள் இருந்தது. மூன்றே பெயர். அந்தப் பையனிடமே உன் ஊர் எது, அண்ணன் தம்பி எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். பெரம்பூரிலிருந்து ஒடிசாவுக்கு எந்த ரயில் போகும் என்பதுகூட ஓரத்தில் இருக்கிறது. கேட்டதும் என் கையில் கொடுத்துவிட்டார். ஆனால் தண்ணீரை இன்னும் என் கையால்தான் குடித்தார். போன் அமைப்பை மாற்றலாமா என்றதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

8:26
லீட்ஸ் அக்கா: யோசிக்கட்டும் அத்தை, அவசரப்படுத்தாதீர்கள். அவர் சம்மதித்து மாற்றினால்தான் அது நிலைக்கும்.

8:40
கொளத்தூர் சித்தப்பா: அடுத்த புதன்கிழமை நான் போகிறேன், அக்கா. வஞ்சிர வறுவல் எடுத்துப் போனால் உள்ளே விடுவார்களா?

8:44
தண்டையார்பேட்டை அத்தை: உள்ளே விட மாட்டார்கள், தம்பி. வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக்கொள்ளலாம். நான்கு துண்டாக எடுத்துப் போ, அவரை வெளியே நடத்திக் கூட்டிவருபவன் அந்தப் பையன்தான்.