1 டிஇவி குவார்க் ஜோடி: பிணைப்பு ஆற்றல் ஒரு எண்ணில் நிக்க மாட்டேங்குது, அவசரம்

காட்பாடி_மாணவன் · இரவு 9:42
எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட். கனமான குவார்க்கும் அதோட எதிர்க்குவார்க்கும் சேர்ந்த பிணைநிலை. சார்மோனியத்துக்கு (சார்ம் குவார்க் ஜோடி) எழுதின பைத்தான் புரோகிராம் நல்லா ஓடுது, அதோட ஜே/சை நிலை 3.1 ஜிஇவி (ஒரு ஜிஇவி = நூறு கோடி எலக்ட்ரான்வோல்ட்) கிட்ட வருது. அதுலயே குவார்க் நிறையை 1 டிஇவி (1000 ஜிஇவி) ஆக்கினா பிணைப்பு ஆற்றல் −9.5 ஜிஇவி. இன்னொரு தடவை ஓட்டினா −17.6. எது சரி? காலையில கைடு கிட்ட காட்டணும், உதவி பண்ணுங்க.

ராணிப்பேட்டை77 · 9:50
ரெட்யூஸ்டு மாஸ், ஜோடிக்குச் சேர்த்துப் போடற நிறை. ரெண்டும் ஒரே நிறைன்னா பாதி நிறை போடணும், முழுசா போட்டா ஆற்றல் ரெட்டிப்பாகும். உனக்கு ஆகியிருக்கறதும் அதேதான்.

ஆரணி_அக்கா · 9:58
17.6-ஐ 9.5-ஆல் வகுத்தா 1.85, ரெண்டு வரலியே. தம்பி, ரெண்டு ஓட்டத்துக்கும் நடுவுல என்ன மாத்தின? எந்த பொட்டென்ஷியல்? ஆல்ஃபா-எஸ் (வலுவிசையோட வலிமை எண்) எவ்வளவு? கிரிட் படி, அதாவது புள்ளிகளுக்கு நடுவுல இடைவெளி, எவ்வளவு?

கோட்டை_மூத்தவன் · 10:06
இந்தக் கேள்வியெல்லாம் வராம இருக்கணும்னா முதல் பதிவுலயே எழுதணும். ஹைட்ரஜனுக்கு −13.6 எலக்ட்ரான்வோல்ட் வருதான்னு பார்த்தியா? பார்த்திருக்க மாட்டே. 1989-ல வட ஆற்காட்டைப் பிரிக்கறதுக்கு முன்னாடி லாக் டேபிள் வெச்சுக்கிட்டு இதையெல்லாம் கையால போட்டவங்க நாங்க. அடிப்படை இல்லாம டிஇவிக்குப் போகாதே.

குடியாத்தம்_குவார்க் · 10:11
கணக்கை விடுங்க. 172.5 ஜிஇவி உள்ள டாப் குவார்க்கே சுமார் 5×10⁻²⁵ விநாடியில டபிள்யூ போசானும் பாட்டம் குவார்க்குமா சிதைஞ்சுடுது. அதைவிடக் கனமானது எப்படி ஜோடி கட்டும்?

காட்பாடி_மாணவன் · 10:15
சாரி அக்கா. கார்னெல் பொட்டென்ஷியல் (தூரத்துக்குத் தலைகீழான கூலம்ப் பகுதி + தூரத்தோட ஏறும் நேரியல் பகுதி). ஆல்ஃபா-எஸ் 0.39, சார்முக்கு வெச்சது. பாதி நிறைதான் போட்டிருக்கேன். கிரிட் 0.01 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி = 10⁻¹⁵ மீட்டர்), ரெண்டாவது தடவை 0.005 ஆக்கினேன். இங்க சத்துவாச்சாரியில கரண்ட் போயிடுச்சு, லேப்டாப்ல 30% தான் இருக்கு.

ஆரணி_அக்கா · 10:31
அப்போ கோளாறு கிரிட்லதான். சார்மோனியம் அரை ஃபெர்மி அளவு, அதுக்கு 0.01 படி போதும். கூலம்ப் பகுதியில போர் ஆரம் (ஜோடியோட அளவு) நிறைக்குத் தலைகீழ், 1.5-ஐ ஆல்ஃபா-எஸ் × நிறையால வகுக்கணும். 0.39-க்கு அது 0.00076 ஃபெர்மி. கிராஃப் நோட்டுல ஒரு கட்டம் 0.01-னு வெச்சுக்கோ. உன் போர் ஆரம் அந்த ஒத்தைக் கட்டத்துல பதிமூணுல ஒரு பங்கு. விரால் வலையில அயிரை நிக்குமா? அலைச்சார்பு முழுசும் முதல் புள்ளியில போய் ஒட்டிக்குது. அந்தப் புள்ளியில இருக்கற பொட்டென்ஷியலைத்தான் நீ விடைன்னு படிக்கிற. படியைப் பாதியாக்கினா அந்த ஆழம் ரெட்டிப்பாகும், அதுல இயக்க ஆற்றல் கொஞ்சம் கழியும், அதான் 9.5-லிருந்து 17.6-க்குத் தாவுது. கால்வாசி ஆக்கினா 30-ஐத் தாண்டும், ஓட்டிப் பார்.

ஆல்ஃபா-எஸ்ஸும் தப்பு. தூரம் குறையக் குறைய வலுவிசையோட வலிமை தளரும், 1973-ல கிராஸ், வில்செக், பொலிட்சர் காட்டினது. இந்த ஜோடிக்குள்ள உந்தம் 80 ஜிஇவி அளவுல இருக்கும், அங்க சுமார் 0.12. நேரியல் பகுதி சில எம்இவி தான் தரும். ஒரு காகிதத்துல 4/9 × 0.12² × 1000 போடு: 6.4 ஜிஇவி. புரோகிராம் அந்த எண்ணுக்கு வரணும்.

ராணிப்பேட்டை77 · 10:36
பாதி நிறை போட்டேன்னு சொல்றான், ஆனா புரோகிராம் கண்ணுல படலியே. நான் இன்னும் அங்கதான் சந்தேகப்படறேன்.

ஆரணி_அக்கா · 10:44
குடியாத்தம் தம்பிக்கு: சிதைவு நிறையை மட்டும் பொறுத்தது இல்ல. கலப்புக் கோணம் (சாதாரண குவார்க்கோட எவ்வளவு கலக்குதுங்கறது) முழுசா இருந்தா 1 டிஇவி குவார்க்கின் அகலம் (எவ்வளவு வேகமா சிதையுதுங்கற அளவு) 300 ஜிஇவியைத் தாண்டும், ஜோடிக்கு வழியே இல்ல. ஆனா கோட்பாட்டுல மட்டும் இருக்கற வெக்டர் வகைக் குவார்க்கில் கலப்பு 0.01-னு வை. அகலம் அதோட வர்க்கத்துல குறையும், 0.1 ஜிஇவிக்கும் கீழ வந்துடும். பிணைப்பு ஆற்றல் 6.4 ஜிஇவி. தாராளமா சுத்தும், கடைசியில ரெண்டு ஃபோட்டானா அழியவும் அவகாசம் இருக்கு. மோதுகலன்ல தேட வேண்டிய கூர்முனை அதுதான்.

குடியாத்தம்_குவார்க் · 10:52
சரிக்கா. அப்போ டாப்புக்கு 2025-ல செர்ன் ஆய்வகத்து சிஎம்எஸ், அட்லஸ் ரெண்டும் 5 சிக்மாவுக்கு (கண்டுபிடிப்புன்னு ஏத்துக்கற அளவு) மேல பார்த்தாங்களே, ஜோடி உண்டாகற வாசல் ஆற்றல் கிட்ட அந்த உபரி? அதை டோப்போனியம் (டாப் ஜோடிப் பிணைநிலை)னு சொல்றது தப்புதானே. பிணைப்பு ஆற்றல் 2 ஜிஇவி, ஜோடியோட அகலம் அதைவிட அதிகம். ஒரு சுத்து கூட முடியாது.

கோட்டை_மூத்தவன் · 11:01
முடியாட்டி என்ன? ரெண்டு குவார்க்குக்கும் நடுவுல ஈர்ப்பு இல்லாம அந்த உபரி எங்கிருந்து வரும்? பாதிப் பிணைநிலைன்னு சொல்லணும், அவ்வளவுதான்.

குடியாத்தம்_குவார்க் · 11:05
பாதிப் பிணைநிலைன்னா அதை ஒரு துகள்னு எண்ணலாமா சார்? 1977-ல கண்டுபிடிச்ச உப்சிலான் (பாட்டம் குவார்க் ஜோடி) 9.46 ஜிஇவியில ஊசி மாதிரி நிக்குது. இது மேடு. ரெண்டுக்கும் ஒரே மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரல.

கோட்டை_மூத்தவன் · 11:13
மேடோ ஊசியோ, ரெண்டு குவார்க்கோட ஸ்பின் தொடர்பு சூடோஸ்கேலர் (ஸ்பின் இல்லாத பிணைநிலை) பக்கம் சாயுது. அதைப் படிச்சுட்டு வந்து பேசு.

காட்பாடி_மாணவன் · 11:40
அக்கா, 0.12 போட்டு படியை 0.00025 ஆக்கினேன்: −6.38. பாதியாக்கினா −6.39. நிக்குது! ஹைட்ரஜனும் ஓட்டினேன் சார், −13.6 வருது. லேப்டாப் சார்ஜ் 4%. நன்றி.

ஆரணி_அக்கா · 11:43
சந்தோஷம்பா. கிரிட்டை எங்க முடிச்சேன்னு சொல்லலியே? 0.05 ஃபெர்மி போதும், 5 வரைக்கும் விட்டா 20,000 புள்ளி வீணா ஓடும். காலையில ஆரம்பப் புள்ளியில அலைச்சார்போட வர்க்கத்தையும் எடுத்து வெச்சுக்கோ, உற்பத்தி விகிதம் அதுலதான் இருக்கு, கைடு கண்டிப்பா கேப்பாங்க.

ராணிப்பேட்டை77 · மறுநாள் காலை 7:20
தம்பி, கைடு என்ன சொன்னார்?